காற்றிலிருக்கும் ஜலம்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையில் வர்ண அச்சுக்கூடம் நடத்துகிறவர் எவரையாவது நீங்கள் சந்திக்க நேர்ந்தால், அவர் முதலில் குறைப்பட்டுக்கொள்வது காகிதத்தைப் பற்றித்தான் இருக்கும். மாலையில் பிரித்து வைத்த ரீம், பொழுது விடிவதற்குள் ஓதமேறி, ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்து கிடக்கும். முதல் நாள் மஞ்சள் வர்ணம் ஏற்றிய தாள், இரவு முழுவதும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, இழையோட்டத்துக்குக் குறுக்கே ஒரு மயிரிழை விரிந்துவிடுவதால், மறுநாள் சிவப்பு வர்ணம் ஏற்றும்போது வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் விலகி, காலண்டரில் வீற்றிருக்கும் லக்ஷ்மியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

இதே சங்கடந்தான் 1902-ம் வருஷம் அமெரிக்காவில், புரூக்ளினிலிருந்த ஸாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்னும் லித்தோ அச்சகத்தாரையும் வாட்டிற்று. அதற்குப் பரிகாரம் தேடும் பொறுப்பு, கல்லூரிப் படிப்பை முடித்து ஒரு வருஷமே ஆகியிருந்த வில்லிஸ் காரியர் என்ற 25 வயது எஞ்சினீயரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின்மீது காற்றைச் செலுத்தி, அதிலுள்ள ஈரத்தை அங்கேயே படியச் செய்து, அச்சுக்கூடத்தின் ஈரப்பதத்தை 55 சதவிகிதத்தில் நிறுத்துவதற்கு அவர் வரைந்த படங்களில் ஜூலை 17-ந் தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. இன்று நாம் ஏ.ஸி. என்று சொல்லும் சாதனத்தின் வரலாறு, மனிதரின் சுகத்துக்காக அல்லாமல் காகிதத்தின் நலனுக்காகத் தொடங்கிற்று என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

அந்த யுக்தியின் நேர் வாரிசுதான், அச்சுக்கூடங்களிலும், மருந்துக் கிடங்குகளிலும், சுவடிகளைப் பாதுகாக்கும் நூல்நிலையங்களிலும், வெள்ளம் புகுந்து வடிந்த கட்டடங்களிலும் இப்போது நாம் காணும் டீஹியுமிடிஃபையர் என்னும் ஈரம் நீக்கும் யந்திரம். இதன் தத்துவம் நம் வீடுகளில் தினந்தோறும் பிரத்தியட்சமாக நடப்பதே. குளிர்ந்த மோர் நிறைந்த செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புகிறதல்லவா? அது செம்புக்குள்ளிருந்து கசிந்த நீரன்று. சுற்றிலுமுள்ள காற்றிலிருந்து வந்து படிந்தது. உஷ்ணமான காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிரக் குளிர அந்தத் திறன் குறையும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்குமென்றால், 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கும். எஞ்சியது நீராகிவிடத்தான் வேண்டும்.

யந்திரத்துக்குள் நடப்பதும் இதுவே. மின்விசிறி அறையின் காற்றை இழுத்து, முதலில் ஒரு குளிர்ந்த சுருளின்மேல் செலுத்துகிறது. அங்கே ஈரம் துளிகளாகித் தட்டில் சொட்ட, வறண்ட காற்று அடுத்தாற்போலிருக்கும் சூடான சுருளைக் கடந்து மீண்டும் அறைக்கே திரும்புகிறது. இவ்விரு சுருள்களுக்கும் இடையே குளிர்வாயுவைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது கம்ப்ரெஸரின் வேலை. அறையின் உஷ்ணம் ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால், சுருளில் நீருக்குப் பதில் பனி உறைந்து காற்றை மறிக்கும். நல்ல யந்திரங்கள் அவ்வப்போது சூடான வாயுவைச் சுருளுக்குள் செலுத்தி அதை உருக்கிக்கொள்ளும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த யந்திரம் ஈரத்தை அழிப்பதில்லை. பரவிக் கிடந்ததை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுக்கிறது, அவ்வளவே. நீராவி நீராகும்போது தன்னுள் ஒளிந்திருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் சேரும்போது வெளிப்படும் வெப்பம், 1,000 வாட் ஹீட்டர் 40 நிமிஷம் எரிந்ததற்குச் சமம். மோட்டாரின் உஷ்ணமும் அதனோடு கூடும். ஆகவே அறை குளிரும் என்று நம்பி இதை வாங்குகிறவர்கள் ஏமாற்றமே அடைவார்கள்.

எனக்குத் தெரிந்த அச்சுக்கூடம் ஒன்றில், நாள் ஒன்றுக்கு 50 லிட்டர் நீர் எடுக்கும் யந்திரத்தை வாங்கி வைத்து, புழுக்கம் தாளாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, இரவு முழுவதும் ஓடவிட்டுப் போனார்கள். வெளியே மழை. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரமுள்ள அந்த அறையின் காற்றில், 30 டிகிரியும் 80 சதவிகித ஈரப்பதமும் இருந்தாலும், நீராவி சுமார் 5 லிட்டர்தான் இருக்கும். அதை 55 சதவிகிதத்துக்குக் கொண்டுவர ஒன்றரை லிட்டரை எடுத்தால் போதும். மீதி வேலையெல்லாம் சுவரும் தரையும் காகிதக் கட்டுகளும் கக்கும் ஈரத்தோடுதான். ஜன்னல் திறந்திருந்ததாலோ, வானத்து ஈரம் முழுவதும் உள்ளே வந்துகொண்டே இருந்தது. வாளி நிறைந்ததும் அதிலுள்ள மிதவை யந்திரத்தை நிறுத்திவிட்டது. காலையில் ரீம்கள் பழையபடியே நெளிந்திருந்தன. பிறகு ஜன்னலை மூடி, கதவின் இடுக்குகளை அடைத்து, வாளியை நம்பாமல், மடிப்பில்லாத குழாய் ஒன்றைச் சரிவாக வடிகால் வரை இறக்கிவிட்டார்கள். சுவரில் ஓர் ஈரமானியையும் மாட்டினார்கள். ஈரமானியைப் பாராமல் ஓட்டினால் காகிதம் அளவுக்கு மீறி வறண்டு, மின்னேற்றம் கொண்டு, தாளோடு தாள் ஒட்டித் தொல்லை தரும்.

நீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் குடியிருப்பதால் ஜாக்கிரதை அவசியம். மூன்று முள் பிளக்கும், உண்மையாகவே வேலை செய்யும் எர்த்தும், மின்கசிவு கண்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சாதனமும் இருக்க வேண்டும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி உருகும், அது கூடாது. வெள்ளம் புகுந்த இடமானால், மெயினை நிறுத்தாமல் நீரில் கால் வைக்கவே கூடாது. தேங்கிய நீரை பம்ப் வைத்து இறைத்து, சேற்றை வாரி, மின் இணைப்புகளைச் சோதித்த பிறகே யந்திரத்தை உள்ளே கொண்டு போகலாம். அதைப் படுக்கவைத்துத் தூக்கி வந்தால், கம்ப்ரெஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் பொறுப்பது நல்லது. நிறுத்தியதை மறுபடி ஓட்டவும் ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். பில்டரில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து யந்திரம் சூடேறும். ஆகவே அடிக்கடி கழுவ வேண்டும். வாளியில் சேரும் நீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தாலும், சுருளிலும் தட்டிலும் வளரும் பூஞ்சையும் கிருமியும் கலந்ததாகையால், குடிக்க உதவாது. இதைக் குழந்தைகளுள்ள வீடுகளில் விசேஷமாகச் சொல்லிவைக்க வேண்டும்.

குளிர்வாயுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆர்-410ஏ என்பது எளிதில் தீப்பற்றாது. ஆனால் காற்று மண்டலத்தில் கலந்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் சுமார் 2,000 மடங்கு உஷ்ணத்தைத் தேக்கும். ஆர்-290 என்பதோ நம் சமையல் எரிவாயுவில் கலந்திருக்கும் அதே புரொப்பேன். பூமிக்கு நல்லது, நெருப்புக்குப் பக்கத்தில் ஆகாது. எந்த வாயு என்பது யந்திரத்தின் முதுகிலுள்ள தகட்டில் எழுதியிருக்கும். அச்சுக்கூடத்தில் உருளைகளைத் துடைத்த மண்ணெண்ணெய்த் துணிகளும் தின்னர் டப்பாக்களும் கிடக்கும் மூலையில் எந்த யந்திரத்தையும் வைக்கலாகாது. பழுதாகிவிட்ட யந்திரத்தைக் காயலான் கடையில் போடுமுன், மெக்கானிக்கை அழைத்து, வாயுவை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழாயை வெட்டிச் செம்பை எடுக்கிறவர் அதைச் செய்யமாட்டார்.