மூலம்தான் என்று நாமே முடிவு கட்டலாமா?



வெளிக்கி போகையில் ரத்தம் கண்டால் குலசேகரன்பட்டினத்தில் என்ன சொல்கிறோம்? "மூலச்சூடு, பதநீர் குடி, சரியாப் போயிடும்" என்கிறோம். மூலமாகவும் இருக்கலாம்தான். ஆனால் பெருங்குடலில் புண், சதை வளர்ச்சி, புற்றுநோய் எது இருந்தாலும் ரத்தம் வரும். வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. உள்ளே பார்க்கத்தான் வேண்டும். தாய்மார்கள் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

பெருங்குடல் சுமார் 5 அடி நீளம். வளைந்து வளைந்து போவது. பழைய நேர்க்குழாய் முக்கால் அடிக்குமேல் அதிகம் எட்டாது. குடல் வளைகிற பக்கம் தானும் வளையும் குழாய் வந்த பிறகே முழுவதும் பார்க்க முடிந்தது. கண்ணாடி இழைக் கற்றை வளைந்தாலும் அதன் வழியே படம் தெரியும் என்று 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து காட்டியவர் நம் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. இன்று விரல் பருமனுள்ள குழாயின் நுனியிலேயே காமிரா இருக்கிறது. சிறு சதை வளர்ச்சி தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே கம்பி வளையம் போட்டு எடுத்துவிடுவார்கள். வயிற்றைக் கீறுவதில்லை. சில வளர்ச்சிகள் பல வருஷத்தில் புற்றாக மாறும் என்பதால் இது பெரிய லாபம்.

திருச்செந்தூர் அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள். தேவையானால் தூத்துக்குடிக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ போகச் சொல்வார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் வடித்த கஞ்சித்தண்ணி, இளநீர் போன்ற நீராகாரம்தான். பேதி மருந்தை மிச்சம் வைக்காமல் குடிக்கணும். குடல் சுத்தமில்லாவிட்டால் இன்னொரு நாள் அலைச்சல். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மயக்க ஊசி போடுவதுண்டு. துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிப் போங்கள்.