ஓரத்து எலும்பு
(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் எலும்பு சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் ஆற்றிய உரை)



எலும்பைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தொடை எலும்பு, இடுப்பு எலும்பு என்று பெரிதாக எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது விரல் நீளமுள்ள ஓர் எலும்பைப் பற்றி. சுண்டுவிரலில் ஆரம்பித்து, பாதத்தின் வெளி ஓரமாகவே குதிகாலை நோக்கித் தடவிக்கொண்டு போனால், ஏறக்குறைய பாதி வழியில் ஒரு முட்டு கையில் தட்டுப்படும். ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பின் அடிப்பகுதி அது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. அவற்றில் விரல்களுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் ஐந்து நீள எலும்புகளையே மெட்டாடார்சல் என்கிறோம். பெருவிரல் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்.

இந்தப் பெயரை வைத்தியர்கள் அல்லாதவர்களும் சொல்லக் கற்றுக்கொண்டது கால்பந்து வீரர்களால்தான். 2002 ஏப்ரல் 10 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணி தன் சொந்த மைதானத்தில் ஸ்பெயின் நாட்டு அணி ஒன்றோடு ஆடியது. எதிரணி வீரர் ஒருவர் மோதியதில் டேவிட் பெக்காமின் இடது பாதத்தில் இரண்டாவது மெட்டாடார்சல் முறிந்தது. அவர் இங்கிலாந்து அணியின் தலைவர். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடக்கவிருந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் முதல் ஆட்டம் ஜூன் 2. இடையில் இருந்தது 53 நாட்கள்.

லண்டன் செய்தித்தாள் ஒன்று அவருடைய பாதத்தின் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாக அச்சிட்டு, வாசகர்கள் அதன்மேல் கை வைத்து அவர் குணமாக வேண்டிக்கொள்ளும்படி கேட்டது. ஆலயத்து வாசலை வருடக்கணக்காக மிதிக்காதவர்களும் அன்று கை வைத்திருப்பார்கள்! நான் அதைப் பரியாசம் பண்ணவில்லை. ஆனால் அந்த ஜெபத்தில் ஒரு தேதியும் சேர்ந்திருந்தது. எலும்புக்குத் தேதி தெரியாது.

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் அது குருத்தெலும்பு போன்ற மெதுவான திசுவாகி இரு முனைகளையும் ஒட்டும். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் நடக்கத் தாங்கும். அதோடு வேலை முடிவதில்லை. பழைய வடிவத்துக்கும் பலத்துக்கும் வர மாதக்கணக்கில் ஆகும். இதற்கிடையில் வலி மாத்திரம் முந்திக்கொண்டு போய்விடுகிறது. "வலி இல்லையே டாக்டர், இனி மாவுக்கட்டு எதற்கு?" என்று கேட்காத நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. வலி நின்ற நாளுக்கும் எலும்பு சேர்ந்த நாளுக்கும் நடுவே உள்ள அந்தச் சில வாரங்கள்தான் எங்களுக்குப் பயம்.

பெக்காம் ஜூன் 2 அன்று ஆடினார். ஜூன் 7 அன்று சப்போரோவில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி கோலினால் இங்கிலாந்து வென்றது. அதிசயம் என்றார்கள். இரண்டாவது மெட்டாடார்சலுக்கு இரு பக்கமும் அண்டை எலும்புகள் உண்டு. வேலியில் நடுக்கம்பு முறிந்தால் பக்கத்துக் கம்புகள் பிடித்துக்கொள்வதுபோல அவை அதைத் தாங்கும். அதே ஏப்ரலில், இரண்டு வாரம் கழித்து, அவருடைய அணித் தோழர் கேரி நெவிலுக்கும் பாதத்து எலும்பு முறிந்தது. நாட்கள் போதவில்லை; அவர் உலகக் கோப்பைக்குப் போகவே இல்லை. அவர் பெயரை இன்று யாரும் இந்தக் கதையில் சேர்ப்பதில்லை.

ஜூன் 21 அன்று பிரேசிலோடு ஆட்டம். இங்கிலாந்து ஒரு கோல் முன்னே இருந்தது. முதல் பாதி முடிகிற வேளையில், எல்லைக்கோட்டின் அருகே இரண்டு பேர் பந்துக்காகப் பாய, பெக்காம் துள்ளி விலகிக்கொண்டார். பந்து பிரேசிலிடம் போய், சில நொடிகளில் கோலாக விழுந்தது. பாதத்தைக் காத்துக்கொள்ளவே விலகினார் என்று அப்போதே பலர் குறை சொன்னார்கள். அவர் மனதில் இருந்தது அவருக்குத்தான் தெரியும். ஆனாலும், ஒருமுறை முறிந்த காலை உடையவன் மோதலுக்கு முன் ஒரு கணம் தயங்குவது கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கால் தேறிய பிறகும் அந்தத் தயக்கம் தங்கிவிடும். அதற்கு எக்ஸ்ரே கிடையாது.

இனி நான் முதலில் சொன்ன ஓரத்து எலும்புக்கு வருகிறேன். வேலியின் கடைசிக் கம்பு அது. வெளிப்பக்கத்தில் அதைத் தாங்க ஒன்றுமில்லை. முட்டுக்குச் சற்று முன்னால், விரல் பக்கமாக, இரத்த ஓட்டம் குறைந்த ஓர் இடம் உண்டு. இரண்டு வாய்க்கால்களின் கடைமடை சந்திக்கிற வயல் போல, இரு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து சேர்வதற்குள் வற்றிவிடுகிறது. அங்கே முறிந்தால் சேரத் தாமதமாகும். சில சமயம் சேர்ந்ததுபோல் இருந்து மறுபடியும் விட்டுப்போகும்.

இதை 1902ல் எழுதி வைத்தவர் ராபர்ட் ஜோன்ஸ் என்ற லிவர்பூல் நகரத்து மருத்துவர். முறிந்தது வேறு யாருக்குமல்ல, அவருக்கே! நடனமாடும்போது பாதம் வெளிப்பக்கமாக மடிந்து முறிந்தது. இவரை வளர்த்து வைத்தியம் கற்பித்தவர் மாமா ஹியூ ஓவன் தாமஸ். தலைமுறையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்து, முறையாகப் படித்து மருத்துவரானவர் தாமஸ். ஞாயிற்றுக்கிழமைதோறும் லிவர்பூலின் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். முறிந்த எலும்புக்கு நீண்ட, இடைவிடாத ஓய்வு வேண்டும் என்று அவர் சொன்னபோது சக வைத்தியர்களில் அநேகர் காது கொடுக்கவில்லை.

2018 பிப்ரவரி 25 அன்று பாரிஸ் நகரில் நெய்மாருக்கு முறிந்தது இந்த ஐந்தாவது எலும்புதான், வலது பாதத்தில். மார்ச் 6 அன்று அவருடைய பாரிஸ் அணி ரியல் மாட்ரிட்டை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஜூனில் உலகக் கோப்பை. மார்ச் 3 அன்று பிரேசிலின் பெலோ ஒரிசோன்டியில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பாரிஸ் அணி அவரில்லாமல் ஆடித் தோற்றது.

விளையாட்டு வீரருக்கு இந்த முறிவென்றால் எலும்பின் உள்ளே நீளவாக்கில் ஒரு திருகாணி செலுத்தி இரு துண்டுகளையும் இறுக்குவது வழக்கம். பார்க்கச் சிறிய வேலை. பிறகு வரும் வாரங்கள்தான் பெரியவை. முதலில் ஊன்றுகோலோடு, பாதம் தரையில் படாமல். பின்பு கெட்டியான காலணியோடு பாரம் கொடுத்து நடை. தண்ணீருக்குள் நடை. மெலிந்துபோன கெண்டைக்கால் தசைக்குப் பயிற்சி. அதன்பின் நேர் ஓட்டம், வளைந்து ஓடுதல், கடைசியாகப் பந்து. ஒவ்வொரு படியிலும் எக்ஸ்ரேயையும் பாதத்தையும் பார்த்து "இன்னும் இல்லை" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவரை யாருக்கும் பிடிக்காது. பிசியோதெரபி செய்கிற நம் சகோதரிகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஜூன் 3 அன்று நெய்மார் திரும்ப மைதானத்தில் இறங்கினார். சிகிச்சை நடந்து சரியாக மூன்று மாதம். குரோஷியாவோடு நடந்த அந்த ஆட்டத்தில் பாதியில் வந்து ஒரு கோலும் போட்டார். ஆட்டம் நடந்தது, நம்புங்கள், ராபர்ட் ஜோன்ஸின் லிவர்பூலில்! உலகக் கோப்பையிலும் பிரேசில் காலிறுதியில் வெளியேறும்வரை ஆடினார்.

2019 ஜனவரி 23 அன்று அதே வலது பாதத்தில், அதே ஐந்தாவது எலும்பில் மறுபடியும் காயம். இந்த முறை நிபுணர்கள் கூடிப் பேசி, அறுவை வேண்டாம், ஓய்வும் பயிற்சியுமே போதும் என்று முடிவு செய்தார்கள். ஏறக்குறைய பத்து வாரம் என்று அவருடைய கிளப் அறிவித்தது. அவர் மொனாக்கோ அணிக்கு எதிராக இரண்டாம் பாதியில் இறங்கியது ஏப்ரல் 21. எண்ணிப் பார்த்தால் 88 நாட்கள். சொன்னதைவிட இரண்டரை வாரம் கூடுதல்.

தேநீருக்கு மணி அடித்துவிட்டார்கள். பாதத்தின் ஓரத்தில் அந்த முட்டு கைக்குத் தட்டுப்படாதவர்கள் என்னிடம் வாருங்கள், காட்டித் தருகிறேன்.