பலகை விளையாட்டு: முதலில் எதை வாங்கலாம்?



செம்பனைக் காட்டிலோ பால்மரக் காட்டிலோ உழைத்துவிட்டு வீடு திரும்பும் பெற்றோரும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கக் கிடைப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் சிறிது நேரந்தான். அந்த நேரத்திலும் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு கைப்பேசி என்றாகிவிட்டது. அதைக் குறை கூற நாம் இன்று வரவில்லை. பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைக்கும் ஒரு வழியைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

பலகை விளையாட்டு நமக்குப் புதியதன்று. தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் நம் பாட்டிமார் ஆடியவை. மலாய்க்காரர்களின் சொங்காக், பல்லாங்குழிக்கு உடன்பிறப்பு. இந்த வரிசையில் இன்று உலகெங்கும் பேர் பெற்றிருப்பவை ஜெர்மன் பாணி விளையாட்டுகள். ஜெர்மனியில் குடும்பத்தோடு பலகை விளையாட்டு ஆடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன எஸ்ஸன் நகரில் 1983ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே பெரிய கண்காட்சி நடந்து வருகிறது.

இவற்றின் சிறப்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நாம் அறிந்த ஒரு வீட்டில், நிலம் வாங்கி வாடகை வசூலிக்கும் பழைய விளையாட்டு ஒன்றைப் பள்ளி விடுமுறையில் ஆடினார்கள். எட்டு வயதுக் கடைக்குட்டியின் பணம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. ஆட்டமோ மேலும் இரண்டு மணி நேரம் நீண்டது. சிறுவன் சுவரோரம் உட்கார்ந்து அழுதான். அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டபோது வரவே இல்லை. அந்தப் பெட்டி அலமாரிக்குப் போய்விட்டது.

ஜெர்மன் பாணி விளையாட்டில் இப்படி நேர்வது அரிது. கடைசிக் கணக்குப் பார்க்கும் வரை யாரும் வெளியேற வேண்டியதில்லை. போர் குறைவு, கட்டுவதும் பயிரிடுவதும் பண்டம் மாற்றுவதும் அதிகம். அதிர்ஷ்டமும் உண்டு, யோசனையும் உண்டு. அதனால் பெரியவரைச் சிறுவன் வெல்லவும் இடமிருக்கிறது.

ஆனால் இப்பாணியில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருக்கின்றன. விலையும் கொஞ்சமன்று. உழைத்துச் சேர்த்த பணத்தை வீணாக்காமல் தேர்ந்தெடுப்பது எப்படி? நான்கு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, உங்கள் வீட்டில் யார் யார் ஆடப் போகிறார்கள்? எத்தனை பேர், எத்தனை வயது என்பது பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாவது, ஆடுவதற்கு ஆங்கிலம் படிக்க வேண்டுமா? தமிழ் மட்டும் அறிந்த பாட்டியும் ஆட வேண்டுமானால், எழுத்தில்லாமல் படம் மட்டும் உள்ளதே நல்லது. மூன்றாவது, எவ்வளவு நேரம் பிடிக்கும்? விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டியவரை நள்ளிரவு வரை உட்கார வைக்க முடியாது. நான்காவது, விதிகளைக் கால் மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிட முடியுமா?

பெட்டியில் ஓர் அடையாளத்தையும் தேடலாம். ஜெர்மனியில் விமர்சகர் குழு ஒன்று 1979 முதல் ஆண்டுதோறும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்', அதாவது 'ஆண்டின் விளையாட்டு' என்ற விருதை வழங்கி வருகிறது. சிவப்பு நிறக் காய் அதன் சின்னம். அது குடும்பங்களுக்கு ஏற்றது. நீல நிறக் காய் சிறுவர் விளையாட்டைக் குறிக்கும். கருஞ்சாம்பல் நிறக் காய் ஆடிப் பழகியவர்களுக்கு உரியது. புதியவர்கள் அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இனி, படிப்படியாக மூன்று விளையாட்டுகளைப் பார்ப்போம்.

முதற்படி கிங்டோமினோ. இதை அமைத்தவர் பிரெஞ்சுக்காரரான புருனோ கத்தாலா. 2017இல் அந்த ஜெர்மன் விருதைப் பெற்றது. 48 அட்டைத் துண்டுகளில் வயல், காடு, ஏரி என்று படங்கள் இருக்கும். ஒரே வகை நிலத்தை ஒட்டி ஒட்டி அடுக்க வேண்டும். ஐந்து கட்டம் வயலில் இரண்டு கிரீடம் இருந்தால் ஐந்திரண்டு பத்துப் புள்ளி. கிரீடமே இல்லாவிட்டால் எத்தனை பெரிய வயலானாலும் புள்ளி பூச்சியம். நல்ல துண்டை ஆசைப்பட்டு எடுத்தவர் அடுத்த சுற்றில் பின்னால்தான் எடுக்க முடியும். இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுத்தே கிடையாது. பெருக்கல் வாய்ப்பாடும் தானாகப் படிந்துவிடும்.

இரண்டாம் படி கார்க்கசோன். தென் பிரான்சிலுள்ள கோட்டை நகரின் பெயர் இது. கிளாவுஸ்-யூர்கன் விரேடே என்ற ஜெர்மானியர் அமைத்து, 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டே விருது பெற்றது. 72 அட்டைச் சதுரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பாதையோடு பாதையும் கோட்டையோடு கோட்டையும் பொருந்த வைத்துக்கொண்டே போக வேண்டும். அவற்றின்மேல் நம் மரப் பொம்மையை நிறுத்தலாம். கோட்டை கட்டி முடிந்தால் புள்ளி வரும். பொம்மையும் கைக்குத் திரும்பும். முடியாவிட்டால் பொம்மை ஆட்டம் முடியும் வரை அங்கேயே மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டுக் கையைப் பிசைவதா, ஒன்றிரண்டைச் சேமித்து வைப்பதா என்பதைப் பிள்ளைகள் ஆடித்தான் அறிவார்கள். வயல் கணக்கு சற்றுக் கடினமானது. முதல் சில ஆட்டங்களில் அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி, 1995இல் வெளிவந்து அவ்வாண்டே விருது பெற்ற கட்டான். இதை அமைத்த கிளாவுஸ் டாய்பர், செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்தவர். வேலை முடிந்த பிறகு வீட்டில் விளையாட்டுகளை உருவாக்கி, மனைவி மக்களோடு ஆடிப் பார்த்துச் சீர்செய்தார். 2023இல் காலமானார். மூவர் அல்லது நால்வர் ஆடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது ஆகிய ஐந்து பண்டங்களைச் சேர்த்துப் பாதையும் வீடும் கட்ட வேண்டும். முதலில் பத்துப் புள்ளி பெற்றவர் வெல்வார். தேவையான பண்டம் எல்லாம் ஒருவரிடமே சேருவது அரிது. ஆகவே பேரம் பேசியே தீர வேண்டும். வாய் திறவாத பிள்ளையும் இங்கே பேசும். இதில் சில சீட்டுகளில் எழுத்து உண்டு. அவற்றின் பொருளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி நடுவில் வைத்துவிட்டால் போதும்.

பகடை என்றதும் சூதாட்டமோ என்று சில தாய்மார்கள் அஞ்சலாம். சூதாட்டத்தால் சீரழிந்த குடும்பங்களைக் கண்ட அச்சம் அது, நியாயமானதே. கட்டானில் பகடை உண்டு, பந்தயப் பணம் கிடையாது. இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். அவற்றில் ஏழு வருவது ஆறு விதம். ஆறும் எட்டும் ஐந்தைந்து விதம். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதமே. இதை அறிந்து வீடு கட்டும் பிள்ளை, சூதாடி அதிர்ஷ்டத்தை நம்பி ஏமாறுவது எப்படி என்பதையும் கூடவே புரிந்துகொள்கிறது.

மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 1986இல் ஜெர்மனியில் வந்த பழத்தோட்ட விளையாட்டு ஒன்று உண்டு. 'ஓப்ஸ்ட்கார்ட்டன்' என்பது அதன் பெயர். காக்கை வந்து சேருமுன் எல்லாப் பழங்களையும் பறித்துவிட வேண்டும். வென்றால் எல்லாரும் வென்றவர். தோற்றால் எல்லாரும் தோற்றவர்.

வாங்குவதற்கு ஒரு யோசனை. நான்கைந்து குடும்பங்கள் கூடி ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டு ஒரு பெட்டி வாங்கி, வாரம் ஒரு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பெரிய பெட்டிதான் நல்ல பெட்டி என்று எண்ண வேண்டாம். சிறியதில் தொடங்கி, பத்துத் தடவையாவது ஆடிய பிறகு அடுத்ததற்குப் போவோம்.

இன்னுமொரு செய்தி. விதிப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகளிடம் அதைக் கொடுங்கள். அவளே படித்து எல்லாருக்கும் சொல்லித் தரட்டும். "இப்படியா அம்மா வைப்பது?" என்று கேட்டு அவளிடம் நீங்கள் கற்றுக்கொள்ளும்போது, அவள் முகத்தைக் கவனியுங்கள். முதல் ஆட்டத்தில் யார் கையிலிருப்பதையும் மறைக்க வேண்டாம். திறந்து வைத்தே ஆடுங்கள். பிள்ளை தோற்றால் கேலி செய்யாதீர்கள். நீங்கள் தோற்றால் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு இன்னோர் ஆட்டம் போடலாம்" என்று சொல்லுங்கள். தோல்வியை எப்படித் தாங்குவது என்பதைப் பிள்ளை அந்தச் சிரிப்பிலிருந்துதான் கற்றுக்கொள்ளும்.

சுவரோரம் அழுத அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை. ஓராண்டு கழித்து அவன் வீட்டுக்குக் கிங்டோமினோ வந்தது. முதல் நாள் கடைசியாகத்தான் வந்தான். ஆனால் கணக்குப் பார்த்து முடியும் வரை பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது சாப்பாடு முடிந்ததும் பாயை விரிப்பவன் அவன்தான்.

உங்கள் வீட்டிலும் பாய் விரியட்டும்.