வேடம் ஏற்குமுன்



வசனம் மனப்பாடமாகிவிட்டால் வேடமும் கைவந்துவிட்டது என்று மேடையேறும் மாணவர் பலர் எண்ணுகின்றனர். டி.கே. சண்முகம் 1918-ஆம் ஆண்டு, ஆறு வயதுச் சிறுவராக, மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சேர்ந்தார். அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் என்பர். 1942-இல், முப்பது வயதில், அவர் ஔவையாராக மேடையேறினார்; அவ்வேடமே அவர் பெயருக்கு அடைமொழியாயிற்று.

முதுகை வளைத்துக் குரலை நடுங்கச் செய்தால் ஒருவர் கிழவியாகலாம், ஔவையாதல் இயலாது. மன்னர்முன் அஞ்சாது பேசிய அப்புலமையின் பொருளை முதலில் உள்ளம் உணர வேண்டும்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மரம் சீவிய பாட்டியர் நம் இல்லங்களில் இருக்கின்றனர். நாளை உங்களுக்கு முதியவர் வேடம் வாய்த்தால், திரைப்படத்தைப் பார்த்துப் போலச் செய்யாதீர்கள். அவர்கள் அருகில் அமர்ந்து பேச்சைக் கேளுங்கள். எங்கே நிறுத்துகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கவனியுங்கள். வசனத்தில் விளங்காத சொல்லுக்கு ஆசிரியரிடம் பொருள் கேளுங்கள்.

ஒப்பனை அன்றிரவே கலைந்துவிடும். பொருளுணர்ந்து பேசிய தமிழ் உங்களோடு நிலைக்கும்.