ஆலை இருக்கிறது, ஆட்கள் எங்கே?
(‘டெர்மினேட்டர்’ இரண்டாம் படம் குறித்து, தொழிலாளர் படிப்பகத்தில் திரையிட்ட பின் நிகழ்த்திய உரை)



படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசையிலிருந்து ஒரு தோழர் கேட்டார்: “இவ்வளவு பெரிய உருக்காலையைக் காட்டினார்களே, அதிலே வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள்?” நாம் பேசுவதற்கென்று குறித்து வைத்திருந்தது வேறு. அந்தக் கேள்வி அதையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதற்குக் கடைசியில் வருவோம். முதலில், பிந்தி வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

கனடாவில் பிறந்த டைரக்டர் ஜேம்ஸ் காமரூன் 1984ல் ‘டெர்மினேட்டர்’ என்ற படத்தை எடுத்தார். செலவு ஏறத்தாழ 64 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. படம் நன்றாக ஓடியது. 1991ல் அதன் தொடர்ச்சி வந்தது. இதற்குச் செலவு ஏறத்தாழ 10 கோடி டாலர்! கதாநாயகன் அர்னால்டுக்குக் கூலிக் கணக்கில் ஒரு ஜெட் விமானத்தையே கம்பெனி கொடுத்ததாக அப்போதே பத்திரிகைகள் எழுதின.

கதை இதுதான். அமெரிக்க ராணுவத்துக்காக ஒரு கம்பெனி செய்த யந்திர மூளை, 1997 ஆகஸ்ட் 29ல் தானே அணுகுண்டு யுத்தத்தை மூட்டிவிடுகிறது. மிஞ்சிய மனிதர்கள் ஜான் கானர் என்பவன் தலைமையில் எதிர்த்து நிற்கிறார்கள். அவன் சிறுவனாக இருக்கும்போதே கொன்றுவிட வேண்டுமென்று யந்திரங்கள் காலத்தைக் கடந்து ஒரு கொலைகார யந்திரத்தை அனுப்புகின்றன. அவனைக் காக்க மனிதர்களும் ஒரு யந்திரத்தை அனுப்புகிறார்கள்.

இந்த இடத்தில்தான் படத்தின் முதல் பலம் இருக்கிறது. முந்தைய படத்தில் கொலைகாரனாக வந்த அதே முகம், அதே உடம்பு, இதில் காவலனாக வந்து நிற்கிறது. இரும்பு அதே இரும்பு; ஏவிய கைதான் வேறு. வயலில் அறுவடை யந்திரம் இறங்கிய அன்று, வரப்பிலே கதிர் அரிவாளோடு நின்ற தாய்மார்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. யந்திரத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது, வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் கோபம் யந்திரத்தோடு நின்றுவிட்டால், அதை வாடகைக்கு விட்டவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

இரண்டாவது பலம் சாரா கானர். லிண்டா ஹாமில்டன் என்ற நடிகை. முதல் படத்திலே இவள் யார்? ஹோட்டலில் தட்டு ஏந்திப் பரிமாறும் ஒரு சாதாரண தொழிலாளிப் பெண். வரப்போகும் யுத்தத்தைத் தடுக்க ஒரு கம்ப்யூட்டர் ஆலையைத் தகர்க்க முயன்று பிடிபட்டதால் அவளை மனநோய் ஆஸ்பத்திரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று இரண்டாம் படம் தொடங்குகிறது. கம்பியைப் பிடித்துத் தொங்கி உடற்பயிற்சி செய்யும் அந்தக் காட்சியில் அவளுடைய தோள்களைக் கவனித்தீர்களா? அழகு காட்டுவதற்காகப் பெண்ணை நிறுத்தும் சினிமாவில் இப்படியொரு உருவம் அபூர்வம். அவள் காணும் கனவில் குழந்தைகள் ஊஞ்சலாடும் மைதானம் அணுகுண்டுத் தீயில் கருகுகிறது. அந்த ஒரு நிமிடத்தை நமது ஊர் ஊராகப் போட்டுக் காட்டலாம்.

மூன்றாவது: எதிரி யந்திரம் எந்த உருவமும் எடுக்கக் கூடியது. பாதரசம் போல உருகி ஓடி, மறுபடி மனிதனாக எழுந்து நிற்கும். படம் முழுவதும் அது எந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறது? போலீஸ் உடுப்பு! எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், எவரையும் விசாரிக்கலாம். இந்தக் கிண்டலைச் செய்த காமரூனுக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

வித்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த யந்திரம் கம்ப்யூட்டரால் வரைந்து காட்டப்படுவது மொத்தம் ஏறத்தாழ ஐந்தே நிமிடம். மற்றதெல்லாம் பொம்மை செய்பவர்கள், ஒப்பனைக்காரர்கள், ஸ்டண்ட்காரர்கள் கைவேலை. சாராவின் உருவத்தை யந்திரம் எடுத்துக்கொண்டு நிற்கிறதே, அங்கே இரண்டாவது சாராவாக வந்தவர் லிண்டாவின் இரட்டைச் சகோதரி! பாலத்தின் அடியில் ஹெலிகாப்டரை உண்மையாகவே ஒருவர் ஓட்டிக் காட்டினார். நான்கு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. ஒலி, ஒப்பனை, காட்சி வித்தை என்று எல்லாம் தொழில் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தவை.

இனிப் பலவீனம்.

யாரையும் கொல்லக் கூடாது என்று சிறுவன் கட்டளையிடுகிறான். நல்லது. உடனே யந்திரம் என்ன செய்கிறது? ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் காவல்காரனை முழங்கால்களில் சுட்டுவிட்டு, இவன் பிழைத்துக்கொள்வான் என்கிறது. இங்கேயும் சிலர் சிரித்தீர்கள்; நமக்கும் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முழங்கால் போன வாட்ச்மேன் எப்படிப் பிழைப்பான்? மறுநாள் அவனுக்கு வேலை உண்டா? உயிரை எடுக்கவில்லை, கூலியை எடுத்துக்கொண்டது. பத்துக் கோடி டாலர் போட்டு எடுத்த படத்தில் இந்தக் கணக்கைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

அடுத்தது கம்பெனி விஷயம். அந்த யந்திர மூளையைச் செய்பவர் டைசன் என்ற கறுப்பு இன எஞ்சினியர். கெட்டவரில்லை, மனைவி மக்களோடு வாழ்கிற, வேலையில் மூழ்கிய சம்பளக்காரர். இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று தாம் ஒரு தடவை கேட்டதாகவும், கேட்காதே என்று பதில் வந்ததாகவும் அவர் சொல்கிறார். பதில் சொன்னது யார்? லாபம் யாருக்கு? அவர்களுடைய முகத்தைப் படம் கடைசிவரை காட்டவில்லை. டைசன் குண்டடிபட்டுச் சாகிறார், கட்டடம் வெடிக்கிறது, முதலாளி எங்கோ சுகமாக இருக்கிறான். சாரா அந்த எஞ்சினியர் வீட்டில் நின்று, அணுகுண்டு செய்தவர்களும் உன்னைப் போன்றவர்கள்தான் என்று பொரிகிறாளே, அங்கேயாவது விஷயம் விளங்கும் என்று பார்த்தால், பையனைவிட்டு அவள் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். கடைசிச் சண்டை நடக்கும் உருக்காலை செட்டு போட்டதல்ல. கலிபோர்னியாவில் பாண்டானா என்ற ஊரில் கைசர் கம்பெனியின் உண்மையான ஆலை. யுத்தக் கப்பல்களுக்குத் தகடு வேண்டுமென்று 1942ல் கட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வேலை செய்தார்கள். ஊரே அதை நம்பி வளர்ந்தது. 1983ல் உலைகளை அணைத்துவிட்டார்கள். காமரூன் போனபோது அது செத்துக் கிடந்த ஆலை. நீலமும் செம்மஞ்சளுமாக விளக்குப் போட்டு அதற்கு உயிர் இருப்பதுபோல் காட்டினார். நாம் பார்த்த உருக்குக் குழம்பு உருக்கே அல்ல, விளக்கொளி ஏற்றிய வெறும் கலவை. அங்கே அப்போது நடுக்கும் குளிர். நடிகர்களின் வியர்வையும் தெளித்து விட்டதுதான்! பாய்லர் பக்கத்தில் நின்று பழகியவர்கள் அப்போதே சந்தேகப்பட்டிருப்பீர்கள். உருகிய உருக்குக்கு மேலே அத்தனை நேரம் முகம் கருகாமல் எவன் நிற்பான்?

படத்தில் அந்த ஆலைக்குள் லாரி இடித்துக்கொண்டு நுழைகிறது. சங்கு ஊதுகிறது, தொழிலாளர்கள் ஓடுகிறார்கள். அவ்வளவுதான், பிறகு அவர்களைக் காணோம். முதல் படமும் ஓர் ஆலையில்தான் முடிந்தது. அது இரவு நேரம், ஆளில்லாமல் யந்திரங்கள் தாமாக ஓடுகின்றன. இரண்டு படம், இரண்டு ஆலை, பெயர் சொல்லி அழைக்க ஒரு தொழிலாளி கூட இல்லை. மனிதனை யந்திரம் ஒழித்துவிடும் என்று அழுகிற கதையை, எட்டு வருஷத்துக்கு முன்பே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்ட இடத்தில் எடுத்திருக்கிறார்கள். அவர்களை ஒழித்தது எதிர்காலத்திலிருந்து வந்த யந்திரமா? கம்பெனியின் வரவு செலவுக் கணக்கு!

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். முடிவில் நல்ல யந்திரம் தன்னை உலையில் இறக்கச் சொல்கிறது. தன்னைத் தானே அழித்துக்கொள்ள அதற்கு முடியாது. சங்கிலியை இறக்கும் பொத்தானை அமுக்குவது யார்? சாரா. முதல் படத்திலும் கொலைகார யந்திரத்தை நசுக்கிய பிரஸ்ஸின் பொத்தானை அமுக்கியது அவள்தான். அந்தக் கையை இரண்டு படத்திலும் காமரூன் மறக்கவில்லை.

யுத்தம் வராமலே போய், சாரா கிழவியாகிப் பூங்காவில் உட்கார்ந்திருப்பதாக ஒரு முடிவும் எடுத்திருந்தார்கள். அதை வெட்டிவிட்டு, இரவில் நீண்டு போகும் சாலையை வைத்தார்கள். வரப்போவது மனிதர் கையில் இருக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் அந்த யுத்தம் தவிர்க்க முடியாதது என்று 2003ல் மூன்றாம் படம் வந்தது. பிறகு 2009, 2015, 2019. யுத்தம் நின்றுபோனால் அடுத்த டிக்கட்டை எப்படி விற்பது?

பாண்டானா உலைக்கூடத்தைப் பின்னர் சீனாவின் உருக்குக் கம்பெனி ஒன்று வாங்கி, பிரித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. ஆலை நின்ற நிலத்தின் ஒரு பகுதியில் 1997ல் கார்ப் பந்தயத் திடல் திறந்தார்கள்.

முதல் படத்தை அடுத்த சனிக்கிழமை திரையிடலாம் என்று படிப்பகச் செயலாளர் சொல்கிறார். இரவு ஷிப்ட்டுக்காரர்களுக்காக ஞாயிறு காலை ஒரு காட்சி போடலாமா என்று கேட்டிருக்கிறோம். காவல்காரனின் முழங்காலைப் பற்றி நாம் சொன்னது அதிகப்படி என்று நினைக்கும் தோழர்கள் இப்போதே எழுந்து பேசலாம்.