இரு விழிக்கு ஒரு காட்சி
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

மூலக்கூற்று ஆராய்ச்சியில் ஈடுபட்டு இக்குடியிருப்பில் வாழும் எங்களை நாடி, அண்மையில் அன்பர் ஒருவர் வந்தார். அவர்தம் மகள், புரதங்களின் அசைவைக் கணிப்பொறி வழியே ஆராயும் மாணவி. மூலக்கூறுகளை முப்பரிமாணமாகக் காட்டும் கருவியொன்றை அவளுக்கு வாங்கித்தர ஓராண்டுச் சேமிப்பை ஒதுக்கியிருந்தார். எதனை வாங்கலாம் என வினவினார். அவருக்குக் கூறியதையே இன்று அவையின்முன் வைக்கின்றோம்.

நம் இரு கண்களும் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளமையால், ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளாகக் காண்கின்றன. அவற்றை மூளை ஒன்றாக்குங்கால் ஆழம் புலனாகின்றது. இதனைச் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1838-இல் விளக்கிக் காட்டினார். தட்டைத் திரையிலோ, மருந்தின் அணுவொன்று புரதத்தைத் தொடுவதுபோல் தோன்றும். உண்மையில் அது வெகுவாகப் பின்னே நிற்கக்கூடும். அம்மயக்கத்தை நீக்குவதே இக்கருவிகளின் பயன்.

முதலாவது, சிவப்பும் நீலப்பச்சையுமான காகிதக் கண்ணாடி. விலை மிகக் குறைவு. எந்தத் திரைக்கும் பொருந்தும். ஆயின், ஆக்சிஜனைச் சிவப்பாகத் தீட்டும் மரபு போன்ற நிறக்குறிப்புகள் இதில் கெட்டுவிடும்.

இரண்டாவது, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி மறைக்கும் மின்கண்ணாடி. நொடிக்கு 120 படங்கள் காட்டும் திரை இருந்தால், கண்ணொன்றுக்கு 60 கிடைக்கும். நிறம் கெடாது. ஆனால் திரை, கிராபிக்ஸ் அட்டை, கண்ணாடி, மென்பொருள் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இசைதல் வேண்டும். ஒன்று பிசகினும் பயனில்லை. என்விடியா நிறுவனம் தனது 3டி விஷன் கண்ணாடிக்கான ஆதரவை 2019-இல் நிறுத்தியது. ஆகவே, பழைய கருவி மலிவாகக் கிடைக்கின்றதென்று மயங்கலாகாது.

மூன்றாவது, தலையில் அணியும் மெய்நிகர்க் கருவி. ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப்படம் தரும். கைமராஎக்ஸ் போன்ற மென்பொருள்கள் இதனோடு இயங்குகின்றன. எனினும், பல இலட்சம் அணுக்களை விரைந்து வரைய வலிய அட்டை தேவை. படம் தடுமாறினால் தலை சுற்றும். மேலும், அணிந்தவரே ஆழத்தைக் காண்பார். அருகிலிருக்கும் ஆசிரியர் அதனை முப்பரிமாணமாகக் காணார்.

இவற்றினும் முந்தியது ஒன்றுண்டு. ஓர் இலட்சம் அணுக்களின் நிலையைப் பதிய, ஒரு காட்சிக்குச் சுமார் 12 இலட்சம் பைட்டுகள் வேண்டும். 10,000 காட்சிகளுக்கு 12 ஜிகாபைட். அவற்றை முழுமையாக ஏற்றிப் பார்க்க நினைவகம் போதாதெனில், எக்கண்ணாடியும் உதவாது.

ஆதலின் அன்பருக்கு நாங்கள் உரைத்தது இது: "முதலில் நினைவகத்தைப் பெருக்குங்கள். காகிதக் கண்ணாடியொன்றை வாங்கி, மகளின் கண் ஆழத்தை உணர்கின்றதா எனச் சோதியுங்கள். சிலருக்கு அது உணரப்படுவதில்லை. எஞ்சிய பணம் காத்திருக்கட்டும்."

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருளமைப்பை 1954-இல் முன்மொழிந்தார். இன்றைய கணிப்பொறித் திரை அவர்பால் இல்லை. கருவி கண்ணுக்குத் துணை; காண்பது அறிவே. இளைஞர்காள், சேமிப்பைச் செலவிடுமுன் இதனை நினைவிற் கொள்வீராக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!