வாத்துக்கு யார் சோறு போடுறா?

இன்றைய பிள்ளைகள் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா? இழந்ததே அதிகம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி, "எங்க பிள்ளைங்களுக்குப் பூங்கா இருக்கு, அதுல வாத்து இருக்கு, வேறென்ன வேணும்?"னு கேட்டாங்க. ரொம்ப சந்தோஷம். நானும் போனேன்யா, சென்னை செம்மொழிப் பூங்காவுக்கு. 2010-இல் திறந்த அருமையான பூங்கா. குளத்தோரம் ஒரு குடும்பம். அப்பாவுக்கு ஒரகடத்துல கார் கம்பெனி வேலை. பையன் பிஸ்கட்டைப் போட்டான். வாத்து ஓடி வந்துச்சு. பையன் கேட்டான்: "அப்பா, நாம வராத நாள்ல இதுக்கு யாரு பிஸ்கட் தருவா?" (சிரிப்பு)

சிரிக்காதீங்கய்யா. பிள்ளை மேல என்ன தப்பு? வாத்து நத்தை தின்னும், பூச்சி தின்னும், அறுத்த வயல்ல சிந்தின நெல்லைப் பொறுக்கும்னு அவன் எங்கே பார்த்தான்? அவன் தாத்தா பார்த்தார். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் அறுப்பு முடிஞ்சா, நூத்துக்கணக்கான வாத்தை ஒரு கோலை வச்சு ஓட்டிக்கிட்டு வருவாங்க. வாத்துக்கு வயிறு நிறையும், வயலுக்கு எரு கிடைக்கும். ரெண்டு பக்கமும் கடன் இல்லாத கணக்கு!

நான் தொழிற்சாலைக்கு எதிரி இல்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010-இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்குச்சே, அதனால எத்தனை வீட்டில் அடுப்பு எரியுது! ஆனா வயல் போன இடத்துல வாத்துக்கு மேய்ச்சலும் போச்சு, பிள்ளைக்கு அதைப் பார்க்கிற பாக்கியமும் போச்சு.

போனா என்னன்னு கேட்பீங்க. வாத்தை வேடிக்கை பார்த்த பிள்ளை பிஸ்கட் போடும். அது வேலை செய்யறதைப் பார்த்த பிள்ளைதான் ஏரியைக் காப்பாத்தும்!

சாட்சி வேணுமா? வேடந்தாங்கல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி நெல்லுக்கு உரம்னு தெரிஞ்ச ஊரு. சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டப்போ, வெள்ளைக்காரக் கலெக்டர்கிட்டயே முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு வாங்கினாங்க. பறவை மிரளுமேன்னு தீபாவளிக்கு வெடிகூட வெடிக்க மாட்டாங்க. 2022-இல் அந்த ஏரி உலக அளவிலான ராம்சார் பட்டியலில் ஏறிச்சு. படிச்சவங்க சொல்லியா காப்பாத்தினாங்க? பார்த்துப் பழகினவங்க காப்பாத்தினாங்க.

பெற்றோர்களே, ஒரகடத்திலிருந்து வேடந்தாங்கல் காலையில போய் மாலையில திரும்பற தூரம்தான். ஒரு ஞாயிறு பூங்கான்னா, மறு ஞாயிறு ஏரிக்கரை. அதை நாம செய்யாத வரைக்கும், பிள்ளைகள் இழந்ததே அதிகம் என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே! (கைதட்டல்)